உப்பு போன களிமண்

ட்ரொண்டெலாக். ஏப்ரல். சேறும் பனியும் பாதிப் பாதி.
ஆர்ன்லியூட்டின் சமையலறை மேசையில்
எஃகுக் குழாயிலிருந்து சாம்பல் துண்டொன்றைத்
தள்ளி வைக்கிறாள் சுன்னிவா.
ஒன்பது மீட்டர் ஆழத்து மண்.
வெட்டினால் பாலாடைக்கட்டி போல நேராக நிற்கிறது.
"நல்ல கெட்டிதானே" என்கிறார் அவர்.
ஓடைக்கரையில் புதுத் தொழுவம் கட்டக்
கடன் வாங்கியாயிற்று.

பதில் சொல்லாமல் கிண்ணத்தில் போட்டுக் கிளறுகிறாள்.
ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, நான் சாட்சி,
துளைக்கருவியின் எண்ணெய் இன்னும் என் கையில்.
இருபது சுற்று.
கூழாகி விளிம்பு தாண்டி வழிகிறது
நின்ற மண்.

இந்த வயல் கடலடியாக இருந்தது.
பனிப்பாளத்தின் பாரம் நீங்கி மெல்ல மேலெழுந்தது.
அன்று களிமண்ணின் ஒவ்வொரு தகடும்
எதிர்மின்னேற்றம் சுமந்து உப்புநீரில் இறங்கியது.
சோடிய அயனிகள் சூழ்ந்தன.
ஈ மொய்ப்பது போல என்று எழுதி அடித்துவிட்டேன்:
ஈ உட்காரும். இவை உட்காருவதில்லை.
தகடு இழுக்கும், நீரின் வெம்மை உதறும்;
இரண்டுக்கும் நடுவில்
கிட்டே நெருக்கமாய், விலக விலக ஐதாய்
ஒரு மூட்டம்.
குளோரைடு எட்டவே நின்றது.
உப்பு மிகுந்தால் அந்த மூட்டம் மெலியும்.
மெலிந்தது. தகடுகள் தொட்டுக்கொண்டன,
சீட்டுக்கட்டு வீடாய்
விளிம்பில் விளிம்பு சாய்ந்து.

பிறகு மழை. ஆயிரமாயிரம் ஆண்டு மழை.
ஊற்றுநீர் உள்ளே புகுந்து
வீட்டை விட்டுவிட்டு உப்பை மட்டும் கொண்டுபோனது.
மூட்டங்கள் பெருத்தன.
தகடுகளுக்கு இப்போது ஒன்றையொன்று ஆகாது.
ஆனாலும் விழவில்லை.
உப்பிட்ட கடலை உள்ளளவும் நினைத்து
நின்றபடியே நிற்கின்றன,
யாராவது கிளறும்வரை.

அவித்த முட்டைக்கென்று அவர் வைத்திருந்த உப்பில்
ஒரு சிட்டிகை எடுத்துக் கூழில் போடுகிறாள் சுன்னிவா.
மறுபடி கிளறுகிறாள்.
கை தளர்கிறது, மண் இறுகுகிறது.
கரண்டியை விட்டால்
சாயாமல் நிற்கிறது கரண்டி.

வெகுநேரம் பேச்சில்லை.
"வயல் முழுக்க எவ்வளவு வேண்டும்?"
கடித உறையின் பின்புறம் கணக்குப் போடுகிறாள்:
கிணறு கிணறாய்த் துளைத்து, உப்பை நிரப்பி,
அது தானாக ஊறிப் பரவ
இத்தனை வருடம்.
ஆர்ன்லியூட் தொகையைப் பார்க்கிறார்.
முட்டையை உரிக்கத் தொடங்குகிறார்.
உப்பில்லாமலே தின்கிறார்.

சன்னலுக்கு வெளியே
வேலிக்கம்பத்தில் கட்டிய உப்புக்கட்டியை
ஒரு சிவப்புப் பசு நக்கிக்கொண்டிருக்கிறது,
நாலு குளம்பும் வயலில்.