கட்டாயம் நிரப்பவும்

கிரிம்ஸ்பி வேலைவாய்ப்பு அலுவலகம். மூன்றாம் மேசை.
படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது:
உங்கள் பேஷன் எது?
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

பேஷன்.
நம் எழுத்தில் எழுதினால்
துணிக்கடைப் பேஷனோடு ஒட்டிக்கொள்ளும்.
இது அது இல்லை.
ஆசை முற்றிப் பழுத்தால் வருவது என்கிறார்கள்.

கெய்னர் பிளான்சர்ட், வயது ஐம்பத்தெட்டு,
முப்பத்தொரு வருடம் ஹேடாக் மீனுக்கு முள்ளெடுத்தவள்,
ஆலை மூடி ஆறு வாரம் ஆகியும்
கட்டைவிரல் கத்திப்பிடியின் வளைவிலேயே நிற்க,
திரையைப் பார்க்கிறாள்.

"எதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வராதோ
அதைச் சொல்லுங்கள்" என்கிறான் ஜேரட்.
நல்ல பையன். கழுத்தில் தொங்கும் அட்டையில்
பெயர் தலைகீழாக.
"கேஸ் பில்" என்கிறாள்.
அவன் அதைத் தட்டவில்லை.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியாததல்ல.
குருத்தோலை ஞாயிறு,
அம்மாவின் ஈரக் கோட்டை ஒட்டி நின்று கேட்டது:
பேஷன் வாசிப்பு.
ஆணி, காடி, விலாவில் ஈட்டி.
சபையார் எல்லோரும் "சிலுவையில் அறையும்" என்று
குரல் எழுப்ப வேண்டிய இடத்தில்
இறைச்சிக்கடை ஆட்காக் மட்டும்
கொஞ்சம் அதிகமாகவே கத்துவார்.

பிறகு பழமாக வந்தது.
சுருங்கிய ஊதாத் தோல், உள்ளே தவளை முட்டை மாதிரி விதை.
அதன் பூவில் பாதிரிமார்
ஆணிகளையும் முள்முடியையும் கண்டார்களாம்.
தயிர்க் கிண்ணத்தின் மூடியில் அதெல்லாம் இல்லை.
கலோரி இருந்தது.

பிறகு லாரியில்.
உறைந்த மீனே எங்கள் பேஷன் என்று
ஆலை லாரியின் விலாவில், ஆள் உயர எழுத்தில்.
பூட்டிய அன்றுகூட
அதை யாரோ கழுவித் துடைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் செய்தித்தாளில் வந்ததைப் பற்றி
அவள் பேசுவதில்லை.
வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் நின்றவள் மாண்டி ட்ரூவரி.
இடக்கைக்காரி.
மீனறுக்கும்போது இரண்டு பேர் முழங்கையும் இடிக்கும்,
"உன் இறக்கையை மடக்கு" என்பாள்.
பேஷனால் நடந்த கொலை என்று போட்டிருந்தார்கள்.
புருஷன் அவளை அளவு கடந்து நேசித்தான் என்றார் வக்கீல்.
வருடக் கணக்கில் கொஞ்சம் கழிந்தது.
அடுத்த திங்கள்
கெய்னரின் முழங்கை எதிலும் இடிக்கவில்லை.

அடுத்த நாற்காலியில் என் எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.
எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது, கெய்னர்.
சிலுவையில் அவர் பட்டது பாடு,
பனிக்கட்டித் தண்ணீரில் உன் விரல்கள் பட்டதும் பாடு,
வலை நிறைந்து வந்தால் அது நல்ல மீன்பாடு.
ஆசை மட்டும் அதில் இல்லை.
அதற்கு நாங்கள் வேறு பக்கம் புரட்ட வேண்டும்.
சொல்லவில்லை. ஊமை மாதிரி
என் சீட்டை நாலாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஒற்றை விரலால் அடிக்கிறாள்: பொறுமை.
"அது குணம்" என்கிறான் ஜேரட், "பேஷன் இல்லை."
லத்தீனில் இரண்டுக்கும் ஒரே வேர்.
மூன்றாம் மேசையில்
லத்தீன் போட இடமில்லை.

அழிக்கிறாள். கொஞ்ச நேரம் வெளியே
கடற்பறவை ஒன்று குப்பைப் பையைக் கிழிப்பதைப் பார்க்கிறாள்.
பிறகு:
முள். ஒன்றுகூட விடமாட்டேன்.

ஜேரட் வாயைத் திறந்து மூடுகிறான்.
நட்சத்திரம் மறைகிறது.
அடுத்த பக்கம் திறக்கிறது:
ஓட்டுநர் உரிமம் உண்டா?
சொந்தமாக வண்டி?