நான்கு விரற்கடை

தார்த்து நகரில் பூட்டுத் திறப்பது என் தொழில்.
சாவி தொலைத்தவர்கள் நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள்.
போன செவ்வாய் ஒரு பேராசிரியரை
அவர் வீட்டுக் குளியலறையிலிருந்தே விடுவித்தேன்,
பாதி முகத்தில் சவர நுரையோடு.

இந்தக் கையகலச் சட்டைதான்
என்னிடம் பிடிகொடுக்கவில்லை.

லேலோவுக்கு நாலு முடிந்துவிட்டது.
எதைப் போட்டாலும் ‘குத்துது’.
கழுத்துச் சீட்டை வெட்டினால்
வெட்டிய அடிக்கட்டை குத்துது.
உள்தையலில் ஒரு நூல்பிசிறு,
அதுவும் முள்.
மழலையர் பள்ளி வாசலில், பனி கொட்டும்போது,
வெறும் பனியனோடு நின்று அழுதிருக்கிறாள்.
தோலில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
தொடுவதெல்லாம் அவளுக்குச்
சற்று உரக்கக் கேட்கிறது, அவ்வளவுதான்.

மாரிகா ஹெல்சிங்கிக் கப்பலில்.
பத்து நாள் கடல், பத்து நாள் வீடு.
தையல் எந்திரம் அவளுடையது.
ஊசி கோக்கவே எனக்கு ஒரு ராத்திரி போனது.
சின்னதாகிப்போன சட்டை ஒன்றைப் பிரித்து
மேஜையில் பரப்பினேன்,
புதுவகைப் பூட்டு சந்தைக்கு வந்தால் செய்வதுபோல.
யாரோ, எங்கோ, அவசரத்தில் ஓட்டிய தையல்.
வெளியே பூப்போட்ட பருத்தி,
உள்ளே வெட்டுவாய்கள் பல்லிளித்தன.

ஆக, ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை.
வெளியே ஒன்று, உள்ளே ஒன்று,
முகத்தோடு முகம் வைத்து,
பிசிறு அத்தனையும் நடுவில் சிறைப்பட.

முதல் தடவை
கழுத்து, கைக்குழி, விலா, கீழ்விளிம்பு
எல்லாம் தைத்து முடித்து நிமிர்ந்தேன்.
நல்ல பக்கம் உள்ளே. திருப்ப வழியில்லை.
கதவைச் சாத்திவிட்டு
சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்த ஆள்
இந்தத் தடவை நான்.

பிரித்தேன்.
கீழ்வீட்டு கால்யு
எந்திரச் சத்தம் பொறுக்காமல்
வெந்நீர்க் குழாயைத் தட்டினார்.
ஆற்றில் பனிக்கட்டி உடைவது
ஜன்னல்வரை கேட்டது.
இரண்டு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை.

கழுத்தை முதலில் தை.
வளைவில் வெட்டுக் கொடு,
தையலைத் தொடாமல், மயிரிழை தள்ளி.
இல்லையென்றால் வளைவு அடம்பிடிக்கும்.
உள்துணி எட்டிப் பார்க்காமலிருக்க
மடிப்பை அதனோடே சேர்த்து
வெளியே தெரியாத ஓர் ஓட்டம்.

கைக்குழியில்தான் மாயம் எல்லாம்:
முழுச் சட்டையையும் ஒரு தோள்வரை சுருட்டி,
சுருளை அந்தத் தோளின் இரு துணிக்கும்
நடுவில் படுக்கவைத்து,
அதைச் சுற்றித் தைக்க வேண்டும்.
ஊசி சுருளைக் கவ்விவிடக் கூடாது.
ஒருமுறை கவ்வியது.
பிறகு, திறந்த விலா வழியே இழுத்தால்
சட்டை
தன்னைத் தானே பெற்றெடுக்கிறது.
கைதட்ட யாருமில்லை. மணி இரண்டே கால்.

விலாவை மூடும்போது, உள்துணியில் மட்டும்
நான்கு விரற்கடை தைக்காமல் விட்டேன்.
கீழ்விளிம்பும் அடைபட்ட பின்
மொத்தச் சட்டையும்
அந்தச் சந்தின் வழியேதான் வெளியே வந்தது,
கசங்கி, கொஞ்சம் கோபமாக.
சந்தைக் கையூசியால் மூடினேன்.

காலையில் போட்டாள். நின்றாள்.
வாசலுக்கும் எனக்கும் நடுவே
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது வீடு.
‘குத்துது.’

எங்கே என்றேன்.
விரல் நேரே போனது அந்த நான்கு விரற்கடைக்கு,
அதன் கடைசி முடிச்சுக்கு.
கடுகில் பாதிகூட இருக்காது.
இருபது வருடம் பூட்டுகளின் இருட்டில் துழாவிய விரல்
என்னுடையது.
அதற்கு அகப்படவில்லை.

அறுத்து, மறுபடி தைத்து,
முடிச்சை இரு துணிக்கும் நடுவே இறக்கி,
வால்நூலை ஒரு விரல் தூரம் உள்ளே ஓட்டி
நறுக்கினேன்.
பள்ளிக்குத் தாமதம்.

சாயங்காலம் கப்பலிலிருந்து மாரிகா.
குரல் அறுந்து அறுந்து வந்தது.
‘அப்பா தைச்ச சட்டை எப்படியிருக்கு?’

லேலோ உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்,
முழங்கைவரை வெண்ணெய்.

‘எந்தச் சட்டை?’ என்றாள்.