கூவும் நேரம்

கருங்கால், ஒற்றைக் கொண்டை, இரண்டு கிலோவுக்குள்:
கலப்பில்லாத கம்போங் இனத்துக்கு
நோட்டில் நான் எழுதியது அவ்வளவுதான்.

பிறையில் வரிசைவீட்டுக் கொல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் கொக் வெய்,
பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் மாலை ஷிப்ட்,
படுக்கவே இரண்டு மணி.
"உன் சேவலா, என் தூக்கமா?" என்றான்.

நான்காவதாகச் சேர்த்தேன்:
தாமதமாகக் கூவுகிறவன்.

நாலரை மணிக்காரன் குழம்பானான்.
அவன் தம்பி ஐந்தேகால்.
தம்பியின் பேரனுக்குக் கால் நல்ல கறுப்பு,
கொண்டையில் ஏழு பல்.
பள்ளி வேன் போன பிறகுதான்
தொண்டையைச் செருமுவான்.

நேற்று சுவருக்கு மேல் கொக் வெய்யின் முகம்.
காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம்,
மூன்று நாளாக பஸ்ஸைத் தவறவிட்டானாம்.
"அந்தப் பழைய சேவல் வம்சம்
மிச்சம் இருக்கா?"

நோட்டைப் புரட்டுகிறேன்.
குழம்பு வைத்த தேதிதான் இருக்கிறது.