துருவின் நிறம்

பகலெல்லாம் நார்விக் பாதையில்
துருவைத் திட்டிக்கொண்டே நடப்பவள் ஹால்டிஸ்.
இரவில், நிலவறை விளக்கின் கீழ்,
அதே துருவைத் தொட்டுத் தொட்டு வைக்கிறாள்
நூலளவு தண்டவாளத்தின் விலாவில்.
மேல்முகத்தை மட்டும் துணியால் துடைத்துவிடுகிறாள்;
சக்கரம் போகிற இடம் பளபளக்கத்தானே வேண்டும்.

சலித்த மணல், நீர்த்த பசை,
பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு.
ஜல்லி உட்கார்ந்துகொண்டது.
"இவ்வளவு அழுக்கா?" என்கிறான் ஸ்டைனார்.
போதவில்லையாம் அவளுக்கு.

ஊசியால் ஒரு கட்டையைப் பிளக்கிறாள்.
பத்தொன்பதாம் கிலோமீட்டர், இடப்பக்கம்.
மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று,
மாற்றவில்லை.

தாது வண்டி வருகிறது,
பெட்டிக்கொரு விரல் நீளம்.
அந்தக் கட்டைக்குச் சற்று முன்னால்
யாரும் சொல்லாமலே
அவள் கை
வேகத்தைக் குறைக்கிறது.