எட்டு பதினொன்றான இரவு

டுலூத் துறைமுகத்தில் நவம்பர், எழுபத்து நான்கு.
ஏரி உறையவில்லை,
உறைவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது.
இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பலுக்கு எட்டு அறைகள்.
எண்ண வேண்டியதில்லை,
கட்டியபோதே எட்டு.

கம்பெனி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் டெல்பர்ட் ஸூபான்.
அறைக்கு எத்தனை டன், எந்தப் பக்கம் சாயும் கப்பல்,
எல்லாம் அவன் ஃபோர்ட்ரான் அட்டைகளில்.
கீழ்த்தளத்தில் வெர்னா கல்லியோ. சம்பளப் பட்டியல்.
அவளுடையது கோபால்.
(தமிழில் எழுதியதும் யாரோ தெரிந்தவர்போல் ஆகிவிடுகிறது,
ஆகட்டும்.)

அவனுக்கு அட்டவணை என்றால் பத்தி பத்தியாக.
அவளுக்கு வரிசை வரிசையாக.
முதல் வாரம் அவன் அனுப்பிய கட்டத்தை
அவள் நிரல் தன் வழக்கப்படி வாசித்ததில்
எல்லோருடைய திங்கட்கிழமையும் ஒரே வெல்டர் தலையில் விழுந்தது.
அவர் காசோலையை இரண்டு தடவை மடித்துப் பார்த்துவிட்டு
நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்.

நிலைமொழி, வருமொழி சந்திக்கும் இடத்தில்
ஓரெழுத்து தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
நமக்கு இலக்கணமே உண்டு அதற்கு.
அவர்களுக்கு இருந்தது
ஆர்வில் டை எழுதிய நாற்பது வரி அசெம்ப்ளர் மட்டும்:
ஒரு முகவரிப் பட்டியல்,
கடைசி முகவரியின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு,
இதோடு முடிந்தது என்று.

அந்த இரவு டெல்பர்ட்டின் நிரல்
வெர்னாவின் நிரலைக் கூப்பிட்டுச் சொன்னது:
இவர் ஆள், இவர் வேலை செய்த நேரம் எட்டு.

சொன்னது என்கிறேன். சொல்லவில்லை.
ஃபோர்ட்ரான் எண்ணைக் கையில் தராது,
எண் குடியிருக்கும் வீட்டைக் காட்டும்.
அவள் நிரலும் நல்லெண்ணத்தோடு உள்ளே போனது.
ஓவர்டைம் மூன்று மணி.
இருக்கிற இடத்திலேயே கூட்டிப் போட்டது.
சம்பளம் சரியாக வந்தது, ஒரு சென்ட் பிசகில்லை.
ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஓர் ஆளின் எட்டு அல்ல.
டெல்பர்ட்டின் நிரல் முழுவதற்கும்
ஒரே எட்டு.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்.
பிடுங்கக்கூட இல்லை,
கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தது.

இரவு இரண்டே கால். துறைமுகத்திலிருந்து தொலைபேசி.
மேற்பார்வையாளர் ஐனோ ராஸ்க்:
"ஒன்பதாம் அறைக்கு ஆயிரத்து நூறு டன் என்று போட்டிருக்கிறாய்.
நான் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து பார்த்தேன், டெல்பர்ட்.
எட்டுக்குப் பிறகு என்ஜின்.
அதற்குப் பிறகு தண்ணீர்.
பத்தாவதையும் பதினொன்றாவதையும்
தண்ணீரிலேயே கொட்டட்டுமா?"

கீழே இறங்கி ஓடினான்.
"உன் நிரல் என் எட்டைத் தின்றுவிட்டது."
"உன் எட்டு என்னிடம் எதற்கு வந்தது?"
காபி ஆறும்வரை கத்தினார்கள்.
பதினாறடிமான எண்களில் அச்சடித்த நினைவகத் தாள்
தரையில் நீளமாக விரிந்து கிடந்தது.
வெர்னாதான் மண்டியிட்டுக் கண்டுபிடித்தாள்,
எட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பி.
விரலை எடுக்காமலே சொன்னாள்,
"ம்."

திருத்தம் ஒரே அட்டை:
எட்டைத் தனியாக ஒரு பெயரில் நகலெடு,
நகலின் வீட்டைக் காட்டு.
ஐந்து மணிக்குக் கப்பல் நிரம்பத் தொடங்கியது.

அவன் அட்டையின் முதல் பத்தியில் ஒரு சி குத்தி
குறிப்பு ஒன்று சேர்த்தான்:
வெர்னாவுக்கு எட்டைக் கடன் கொடுக்காதே.
அவள் தன் மொழி கேட்கிறபடி
ஏழாம் பத்தியில் நட்சத்திரம் இட்டு எழுதினாள்:
எட்டு என்று நீ சொல்லவில்லை,
வீட்டைக் காட்டினாய்.

இரண்டு கம்பைலர்களும்
அந்த வரிகளை மட்டும் தாண்டிப் போய்விடும்.

ஐனோ அதற்குப் பிறகும் ஒவ்வொரு நவம்பரிலும்
தொலைபேசியில் கேட்பார்,
ஒன்பதாவது திறந்திருக்கிறதா என்று.