பத்தாக்கா

இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை
ஜிலீபிலிருந்து முதல் பஸ்.
விடியுமுன்னே புழுக்கம்,
ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறது.

மருந்து குளிர்பெட்டியிலிருந்து வருகிறது.
இரண்டு பேர் என் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார்கள்.
பத்தாக்காவைக் காட்டச் சொல்கிறார்கள்,
மணிக்கட்டுப் பட்டையையும்.
பிறகுதான் முதல் சொட்டு.

"பேடிக்கண்டா ரஞ்சிதம்" என்று
சீட்டின் பின்புறம் படம் போட்டார் லிஜி சிஸ்டர்.
கவட்டை மாதிரி ஒன்று.
இரண்டு கொம்பும் புற்றுச் செல்லைக் கவ்விக்கொள்ள
கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
ரோந்து வரும் வெள்ளணு
அந்தப் பிடியைப் பிடித்து நின்றுவிடும்.
துளை போடும். உள்ளே எதையோ செலுத்தும்.
செல் தன்னைத்தானே மடித்து வைத்துவிட்டுப்
போய்ச் சேரும்.

அதன் பேர்?
இயற்கைக் கொல்லி.
யாரும் பழக்க வேண்டாமாம்.
எதிர்ப்படுவதையெல்லாம் நிறுத்தி அட்டை கேட்குமாம்,
இல்லையென்றால் நின்ற இடத்திலேயே.
அட்டையோடு திரியும் கள்ளனுக்குத்தான்
இந்தக் கவட்டை.

சிரித்துவிட்டேன்.
ஹசாவி ரவுண்டானாவில்
பார்த்திருக்கிறேன் இதை.

என் அறை மேல்கட்டிலில் மெஹ்ரெத்.
கஃபீல் வீட்டிலிருந்து ஓடிவந்து பதினாலு மாதம்.
எனக்கு முடி கொட்டிய நாட்களில்
தலையணை உறையை நான் எழுமுன் மாற்றியவள்.
முதல் மருந்தன்று நடுங்கியபோது
தன் போர்வையையும் கீழே போட்டுவிட்டு
ஏசி காற்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவள்.
அவளிடம் அட்டை இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு
உள்ளுக்குள் சொல்கிறேன்:
நிறுத்து. ஒன்றையும் விடாதே.
அக்குளில், ஈரலில், எலும்பின் இருட்டில்
பதுங்கியதையும் இழுத்து வா.
கெஞ்சினால் கேட்காதே.

சொன்ன பிறகுதான் தெரிகிறது
யார் குரல் இது என்று.
ஒரு மத்தியானம் எங்கள் கட்டிடப் படிக்கட்டில்
பூட்ஸ் சத்தத்தோடு ஏறிவந்த குரல்.
அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
என் கைதான் அதிகம் நடுங்கியது.

திரும்பும் வழியில் பாலத்தடியில் நீல விளக்கு.
பஸ் ஏறிய போலீஸ்காரனுக்கு
என் தம்பி வயசு இருக்கும்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தான்,
புறங்கைப் பஞ்சைப் பார்த்தான்,
"சலாமாத்" என்றான் மெல்ல.
பின் சீட்டுப் பையன் எழுந்து
சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்,
வெகுநேரம்.

மெஹ்ரெத்துக்குச் செய்தி அனுப்பினேன்:
இன்றைக்குக் கடைக்கு இறங்காதே.

கஞ்சி இறக்கியாயிற்றாம்.
உப்பு போடலாமா என்று
டாக்டரிடம் கேட்டாயா என்கிறாள்.