இரண்டாம் நாள், காலை உணவு

குவாப்பெல் பள்ளத்தாக்கு.
பெயருக்கு அர்த்தம் ‘யார் கூப்பிடுவது?’ என்பதாம்.
பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை,
வெள்ளி மாலைவரை.

பதினோரு குருமார். ஓட்ஸ் கஞ்சி.
கரண்டிகள் மட்டும் கிண்ணத்தோடு
ஏதோ வழக்காடுகின்றன.
வெளியே ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுகிறது.

எதிரே டன்கன் மக்கில்வ்ரே.
போன சினோடில்
என் சிற்றாலயத்தை விற்கக் கை தூக்கியவர்.
மூன்று மாதமாய் அவருக்கென்று
நாக்கின் அடியில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்;
இங்கே அதற்கும் விடுமுறை.

அப்போது அவர் தும்மினார்.

ஆசீர்வதித்தே சம்பளம் வாங்கும்
பத்து வாய்கள்
திறந்து, மூடின.
யாருக்கோ தோள் குலுங்கியது.

மறுபடி தும்மினார்.
எனக்குள், யாருக்கும் கேட்காமல்:
நூறு. இருநூறு.

உப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.
நேற்றுச் சர்க்கரை போட்டுக்கொண்டவர்,
தலையசைத்து
உப்பைத் தூவிக்கொண்டார்.